ஊதாக் கரை நோட்டீஸ்

யாவோர்னிக் ஊரில் காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் செத்தவர்களைப் படிப்பார்கள். பிறகுதான் கடைக்குள் நுழைவார்கள். பேருந்து நிலையத்துப் பலகையிலும், சந்தைக்கு முன்னால் நிற்கும் லிண்டன் மரங்களிலும் சாவு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பச்சைக் கரை என்றால் மசூதி வீடு. கறுப்புக் கரை என்றால் சிலுவை வீடு. நீலக் கரை போட்டிருந்தால், எதையும் நம்பவில்லை என்று கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலத்தில் சொல்லிவிட்டு, பிறகு மாற்றிச் சொல்லச் சோம்பல்பட்டவர்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்பே, எந்த வாசலுக்கு என்ன முகத்தோடு, என்ன பலகாரத்தோடு போகவேண்டும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பெயரெல்லாம் அப்புறம்தான்.

ஸும்ரா இதில் நிறம் பார்க்காதவள். பச்சை வீட்டில் பிறந்து, கறுப்பு வீட்டுப் பையனான ஸ்டியெபானைக் கட்டிக்கொண்டவள். அவன் ரயில்வேயில் சிக்னல் போடுகிறவன். அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிக்கொள்வது நாகரிகம். பிறகு உள்நாட்டுச் சண்டை வந்ததும் அது குற்றம். இப்போது அதைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு. ஸும்ரா ஒரு சாவு விடமாட்டாள். பச்சை நோட்டீஸ் என்றால் அல்வா கிண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் ஓதும் அறையில் உட்கார்ந்திருப்பாள். கறுப்பு என்றால் கீரை வைத்துச் சுட்ட பிட்டாவைக் கொடுத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் கைகட்டி நிற்பாள். சண்டை நடந்த வருடங்களில் மட்டும் போகவில்லை. அப்போது நோட்டீஸ் ஒட்டவே ஆளில்லை.

இதெல்லாம் தர்மத்துக்காகச் செய்ததல்ல. அவளுக்கு ஒரு பயம் இருந்தது. கலப்புக் கல்யாணம் செய்தவள் செத்தால், அது நம் வீட்டுச் சாவில்லை என்று இவர்களும் நினைப்பார்கள், அவர்களும் நினைப்பார்கள். நடுவில் பெட்டி மட்டும் போகும். அதற்காகத்தான் ஆயுசு முழுக்க அல்வா.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மகனிடம் அதைத்தான் சொன்னாள்.

"ரெண்டு நோட்டீஸ் போடுடா. பச்சையில ஒண்ணு, கறுப்புல ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல ஒட்டு."

"சரிம்மா."

"சரிம்மான்னு சொல்லிட்டு உன் இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணாத. யாரு ஓதினாலும் சரி, ஓதாட்டியும் சரி. ஆள் வரணும். எனக்கு அவ்வளவுதான்."

"வருவாங்கம்மா. ஊரே வரும்."

மகன் வெத்ரான் ஓவியன். ஊரில் அவனைத் தவிர வேறு ஓவியன் கிடையாது என்பதால் பெரிய ஓவியன். ஐம்பத்தைந்து வயதில் நரைத்த குடுமியும், கழுத்தில் எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத ஒரு மரப்பதக்கமுமாக இருப்பான். "நான் எல்லைகளைக் கரைக்கிறேன்" என்று அவன் வானொலியில் சொன்னதை ஊர் மறக்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகும்போதெல்லாம் யாராவது அவன் வேலையைப் பாராட்டுவார்கள். அவன் மனைவி சில வருடம் எல்லை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டாள்.

பழைய மாவு மில்லின் சுவர் முழுவதும் அவன் வரைந்த படம் இருக்கிறது. பெயர், 'ஒரே வானம்'. தாமரையில் உட்கார்ந்த கன்னி மரியாள், தொழுகைக்கு ஏந்துவதுபோலக் கையை ஏந்தியிருப்பாள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குப் பதில் பிறை. மடியில் ஆட்டுக்குட்டி, குட்டியின் நெற்றியில் தர்மச் சக்கரம். ஒரு பக்கம் ஏழு கிளை விளக்கு, மறுபக்கம் மயிலிறகு, மேலே ஓங்காரம். ஓங்காரத்தை இடவலம் மாற்றிப் போட்டிருந்தான். யாவோர்னிக்கில் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை. திறப்பு விழாவுக்கு மசூதியில் தொழுகை நடத்தும் ஹோஜா, இரண்டு சபைப் பாதிரியார்கள், ஒரு வெளிநாட்டுத் தூதர் எல்லோரும் வந்து, சுவருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு, சுட்ட ஆட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தூதர் சைவம் என்பதால் தக்காளி சாப்பிட்டார். பிறகு ஹோஜா மரியாள் பெரிதாக இருப்பதாகவும், பாதிரியார்கள் பிறை பெரிதாக இருப்பதாகவும் தனித்தனியாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: ஆடு சரியாக வேகவில்லை.

அந்த மரியாளுக்கு முகம் ஸும்ராவின் முகம். சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவளை உட்காரவைத்து வரைந்தது. அதற்குப் பிறகு வெத்ரானின் எல்லாக் கண்காட்சிச் சுவரொட்டியிலும் அம்மா முகம்தான். சுற்றிலும் சக்கரமும் பிறையும் சிலுவையும் பின்னிப் பிணைந்திருக்கும். அது அவன் முத்திரை. ஊரில் அதற்கு 'சாலட்' என்று பெயர்.

ஸும்ரா ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது போனாள். வெளிநாட்டில், கிராஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா மிர்னாவுக்கு வெத்ரான் போன் போட்டான். இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரியத்துக்கு வந்தாள்.

"அடக்கம் வியாழக்கிழமைன்னு வெச்சுக்க. நான் ராத்திரி பஸ்ஸுல ஏறி வந்துடறேன். நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நோட்டீஸ்."

"தெரியும்க்கா."

"ரெண்டு."

"தெரியும்னு சொன்னேன்ல."

ஆஸ்பத்திரி வாசலில் ஃபிக்ரெத்தின் அச்சுக்கடை. ஃபிக்ரெத் இறைச்சி வைத்துச் சுட்ட பூரெக்கை மென்றுகொண்டே, டீக்கடையில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோலக் கேட்டான்.

"அம்மாவுக்கா? அடடா. நல்ல மனுஷி. பச்சையா கறுப்பா, மாஸ்டர்?"

வெத்ரான் ரெண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்த இடத்தில்தான் அவனுக்கு அது தோன்றியது. வாழ்நாள் முழுவதும் எதை எதிர்த்து வரைந்தானோ, அதையே அம்மா தலையில் ஒட்டுவதா? ஒரே அம்மாவை இரண்டாக வெட்டி, இந்தப் பாதி உங்களுக்கு, அந்தப் பாதி அவர்களுக்கு என்று மரத்தில் தொங்கவிடுவதா? கழுத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டான். தன் எண்ணத்தின் உயரம் தனக்கே எட்டாதபோது அவன் எப்போதும் அதைத்தான் பிடித்துக்கொள்வான்.

"ஊதா" என்றான்.

ஃபிக்ரெத் மெல்லுவதை நிறுத்தினான். "ஊதாவுல இதுவரைக்கும் யாரும் சாகலையே மாஸ்டர்."

"இனிமே சாவாங்க. வானவில்லுல எல்லா நிறமும் முடியற இடத்துல வர்ற நிறம் அது. துக்கத்துக்கு மதம் கிடையாது, ஃபிக்ரெத்."

"துக்கத்துக்கு இல்ல, என் மெஷினுக்கு இருக்கு. மூணு கரைதான். இப்படி உட்காருங்க, பச்சை ஒண்ணு கறுப்பு ஒண்ணு உடனே எடுத்துத் தரேன். பூரெக் சாப்பிடுறீங்களா?"

வெத்ரான் பூரெக்கையும் மறுத்து, மெஷினையும் மறுத்து வெளியே வந்தான்.

அன்று மாலைக்குள் தன் பட்டறையிலேயே நோட்டீஸைச் செய்துமுடித்தான். மற்ற நோட்டீஸைப்போல நாலு மடங்கு பெரிய தாள், தடிமனானது, வெளிநாட்டுச் சரக்கு. ஊதாக் கரை. நடுவில் அம்மா. அம்மாவைச் சுற்றி முத்திரை முழுவதும்: சிலுவை பிறையைத் தாங்க, பிறை விளக்கைத் தாங்க, விளக்கிலிருந்து தாமரை. பெயரைச் சின்னதாகப் போட்டான், பெயர்களும் எல்லைதானே. அடக்கம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே என்பதையெல்லாம் வட்ட வட்டமாக உள்ளே சுருண்டு போகும் ஒரே வரியாக, நத்தைக் கூடு மாதிரி எழுதினான். படிக்கிறவன் தலையைச் சுற்றிச் சுற்றிச் சாய்த்தால் படித்துவிடலாம். தலை சாயும்போது அகந்தையும் சாயும் என்பது அவன் கணக்கு. அது யாருடைய அகந்தை என்று அவன் யோசிக்கவில்லை.

வேலை நன்றாக வந்திருந்தது. அதுதான் கொடுமை. அவன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். செய்யும்போது அழுதுகொண்டே செய்தான், அழுகையிலும் பொய்யில்லை. புதன்கிழமை காலையில் தானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா லிண்டன் மரத்திலும், பேருந்து நிலையப் பலகையிலும் ஒட்டினான். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவன் கட்டை விரலை உயர்த்திக்கூடக் காட்டினான். துக்கத்துக்கு இது என்ன புது வழக்கம் என்று வெத்ரானுக்கு ஒரு நொடி தோன்றியது. சரி, ஆட்கள் மாறுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டான்.

மிர்னா போனில் கேட்டாள். "ஒட்டிட்டியா?"

"ஊரெல்லாம் ஒட்டியாச்சுக்கா."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நின்னு பார்க்கறாங்க. அப்படிப் பார்க்கறாங்க."

வியாழக்கிழமை மத்தியானம் நகரக் கல்லறைத் தோட்டத்தில், வேலியை ஒட்டிய கடைசி வரிசையில், ஸ்டியெபானுக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. யாருடைய வரிசையிலும் சேராதவர்களுக்கான வரிசை அது. வெத்ரான் கறுப்புக் கோட்டுப் பையில் ஒரு உரையை மடித்து வைத்திருந்தான். ஓதுவதற்கு ஆள் கூப்பிடவில்லை. மௌனம்தான் எல்லா மதத்துக்கும் பொதுவான பிரார்த்தனை, அதற்கு முன்னால் இந்த உரை.

வந்திருந்தவர்கள், பஸ் தாமதமானதால் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே இறங்கிக்கொண்ட மிர்னா, பக்கத்து வீட்டு ரூஷா அத்தை, தலைநகரத்தில் கலைக்கூடம் நடத்தும் தெயா. தெயாவுக்கு வெத்ரானே போன் செய்திருந்தான். ரூஷா அத்தைக்கு மூட்டுவலி, குளிர்காலம் முழுக்க வெளியே வராதவள். செவ்வாய்க்கிழமை வெத்ரான் அழுதது சுவர் வழியாகக் கேட்டதால்தான் அவளுக்குச் சாவு தெரியும். குழிவெட்டுகிறவர்கள் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் பொறுக்கலாம்" என்றான் வெத்ரான். "சந்தை நாள். வருவாங்க."

பொறுத்தார்கள். கேட்டுப் பக்கம் ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மிர்னா தம்பியின் முகத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், மறுபடியும் தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலைக்கா."

பையிலிருந்து உரையை எடுத்தான். "இன்று நாம் இங்கே கூடியிருப்பது" என்று ஆரம்பித்து, கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். குழிவெட்டுகிறவர்களில் வயதானவன் தொண்டையைக் கனைத்தான்.

"மாஸ்டர், நீங்க பேசி முடிச்சப்புறம் மண்ணு தள்ளவா, இல்ல பேசறப்பவே தள்ளிக்கிட்டு இருக்கவா? மழை வந்துடும் போல."

வெத்ரான் தாளை மடித்தான். "தள்ளுங்க."

ரூஷா அத்தை மட்டும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். அவள் சபை ஜெபம்தான், வேறு தெரியாது. தெயா குழியைப் பார்த்துக் கலங்கினாள். பிறகு, இந்த வெறுமை ரொம்ப அழுத்தமா இருக்கு என்று வெத்ரானின் காதில் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில், சந்தை முனையில், ஹஸிபா எதிரே வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஸும்ராவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. கையில் இரண்டு ரொட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"அட மிர்னா, நீ எப்ப வந்த? கண்காட்சிக்கா? வெத்ரான், இந்தத் தடவை அம்மா படம் பிரமாதம்டா. மரத்துல எல்லாம் பார்த்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம், தேதி என்னன்னு கண்டுபிடிக்க முடியலை. எப்படா? ஸும்ரா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் அவளையும் இழுத்துக்கிட்டு வரேன். இந்தத் தடவை சத்தியமா வரேன்."

ஹஸிபா மிர்னாவின் கறுப்பு உடையைப் பார்த்தாள். வெத்ரானின் காலணியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். ரொட்டியை மெதுவாகப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை, சித்தி" என்றாள் மிர்னா. "இப்பதான் வெச்சுட்டு வரோம்."

"யாரு குளிப்பாட்டினா?"

"ஆஸ்பத்திரியில."

ஹஸிபா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நாங்க பேசி வெச்சிருந்தோம். யாரு முதல்ல போறாளோ, அவளை மத்தவ குளிப்பாட்டணும்னு. சின்ன வயசுலயே பேசினது. அவளுக்குக் கால்ல ஒரு தழும்பு உண்டு, அதை யாருக்கும் காட்டமாட்டா. நான்தான் பார்க்கணும்னு சொன்னா." பிறகு வெத்ரானைப் பார்த்தாள். திட்டவில்லை. "நேத்திலேர்ந்து அந்த மரத்துக்கிட்ட எத்தனை தடவை நின்னேன் தெரியுமா? அழகா இருக்குன்னு நின்னேன்டா."

அவள் எழுந்து ஆற்றுப் பக்கமாக நடந்தாள். ரொட்டிப் பை பெஞ்சிலேயே கிடந்தது. மிர்னா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வெத்ரான் ஓடவில்லை.

வீட்டில் ரூஷா அத்தை முந்தின நாளே எல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பிக் கோப்பைகள் மேஜை மேல் கவிழ்த்து வரிசையாக இருந்தன. ஸும்ராவின் கைப்பக்குவம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு நிறைய அல்வா கிண்டியிருந்தாள். சாயங்காலம் வரை யாரும் கதவைத் தட்டவில்லை. அல்வா இறுகியது. மிர்னா கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது அத்தை, "கழுவ வேண்டாம், சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு காகிதம்" என்றாள் மிர்னா தம்பியிடம். குரலை உயர்த்தவில்லை. "அம்மா உன்கிட்ட சொர்க்கமா கேட்டா? ரெண்டு காகிதம் கேட்டா."

"நான் அவளை ரெண்டாக்க விரும்பலைக்கா."

"அவ ரெண்டா இருந்துதான் வாழ்ந்தா. கறுப்பு வீட்டுலயும் இடம், பச்சை வீட்டுலயும் இடம். நீ ஒண்ணாக்கின. ஒரு வீட்டுலயும் இடமில்ல."

மறுநாள் மிர்னா ஃபிக்ரெத்திடம் போனாள். பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. ஃபிக்ரெத் தட்டச்சு செய்துகொண்டே வந்து, அடக்கம் என்ற இடத்தில் நின்றான்.

"எப்பன்னு போடறது? மாஸ்டர் திரும்பி வந்து சொல்வார்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"முடிஞ்சுது."

அவன் விரலை எடுத்துவிட்டான். "முடிஞ்சப்புறம் ஒட்டினா வேற அர்த்தம் ஆயிடும்க்கா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அடக்கம் முடிந்துவிட்டது என்று போட்ட நோட்டீஸுக்கு யாவோர்னிக்கில் ஒரே பொருள்தான்: நீங்கள் வருவதை நாங்கள் விரும்பவில்லை. சொத்துச் சண்டை, அவமானச் சாவு, அப்படிப்பட்ட வீடுகள் ஒட்டுவது. இருந்தும் மிர்னா அடிக்கச் சொல்லி, ஊதாவைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். ஊர் படித்தது. படித்து, புரிந்துகொண்டு, கொஞ்சம் மனம் புண்பட்டு, மரியாதையாக விலகி நின்றது. ஸும்ரா எல்லார் வீட்டுக்கும் வந்தவள். அவள் வீட்டுக்கு நம்மைக் கூப்பிடவில்லை, பார்த்தாயா? துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. மிர்னா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். தம்பியைக் கட்டிப்பிடித்தாள், அது கையில் பையை வைத்துக்கொண்டு பிடிக்கிற பிடி.

வசந்தம் வந்ததும் தெயா போன் செய்தாள். அந்த ஊதாத் தாளில் ஒன்று மிச்சமிருக்கிறதா? தலைநகரத்தில் பெரிய கண்காட்சி. நீங்கள் செய்ததிலேயே உன்னதமானது அதுதான். மரணம் என்பதையே மதங்களிடமிருந்து மீட்டுவிட்டீர்கள். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். அம்மா போனதிலிருந்து தூரிகையைத் தொடவில்லை. மில் சுவர்ப் பக்கம் போகாமல் சுற்று வழியாகத்தான் ரொட்டி வாங்கப் போனான். போகும்போது மரத்தில் இருப்பதைப் படித்தான். பச்சைக்கும் போனான், கறுப்புக்கும் போனான், கையில் ஒன்றும் எடுத்துப் போகத் தெரியாமல். ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அக்காவுக்குப் போன் செய்தான்.

"போடு" என்றாள் மிர்னா. "தாராளமாப் போடு. வேற எப்படி அம்மாவைப் பார்க்க ஆள் வரப்போறாங்க?"

அது திட்டு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

திறப்பு நாள் மாலை கூடம் நிரம்பி வழிந்தது. யாவோர்னிக்கிலிருந்து நகராட்சி பஸ்கூட வந்தது. பஸ் இலவசம், உள்ளே ஒயினும் இலவசம். ஹோஜா வந்தார், பாதிரியார்கள் வந்தார்கள், சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பச்சை வீட்டுப் பெண்கள், கறுப்பு வீட்டுப் பெண்கள், நல்ல கோட்டு போட்டு, ஸும்ராவின் முகத்துக்கு முன்னால் நின்று, நத்தை வரியைப் படிக்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஹஸிபா வரவில்லை.

வெத்ரான் வாசலில் நின்றான். கல்லறைத் தோட்டத்து கேட்டில் வீட்டுக்காரர்கள் நிற்பதுபோல, கறுப்புக் கோட்டோடு, கையை முன்னால் கோத்து நின்றான். வருகிற ஒவ்வொருவரும் கையைக் குலுக்கி வாழ்த்துகள் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து, "வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று பதில் சொன்னான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நன்றாக உடுத்திய ஒரு மனிதர், கையில் ஒயினோடு, நத்தை வரியை விடாமல் கடைசிவரை படித்து முடித்தார். இதுவரை யாரும் முடித்ததில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு வெத்ரானிடம் வந்து கையை நீட்டினார்.

"வியாழக்கிழமை, நகரக் கல்லறைத் தோட்டம்னு போட்டிருக்கே. அது முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அடடா, தவற விட்டுட்டேன். நல்லா நடந்துச்சா?"

"கூட்டமில்லாம நடந்துச்சு" என்றான் வெத்ரான். அவர் கையை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.